நாலு புள்ளி

நோய் இல்லாத கிழடுகள் வேண்டுமாம்.
ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்,
கொஞ்சம் மரியாதையான தமிழில்:
அறுபத்தைந்து கடந்த ஆரோக்கியமானோர்.
நாற்பது பேர் தேவை.
முப்பத்தொருவர்தான் அகப்பட்டோம்.

கேள்விக்கொத்து பதினொரு பக்கம்.
கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் நடந்தீர்கள்,
எத்தனை நிமிடம்,
மூச்சு வாங்குமளவுக்கா
பேசிக்கொண்டு போகுமளவுக்கா.
மரியநாயகம் பேனையை நிறுத்திக் கேட்டார்:
"தங்கச்சி, தொண்ணூறாம் ஆண்டு
நிலாவெளிப் பக்கம் ஓடினது
எந்தக் கட்டத்துக்குள்ள வரும்?"
தாதிப்பிள்ளை அப்போது பிறந்திருக்கவில்லை.
"கடந்த ஏழு நாள் மட்டும், ஐயா."

என் விடை சுலபம்.
ஏழு நாள். நாற்பத்தைந்து நிமிடம்.
டச் பே மணலில் தொடங்கி
கோட்டை வாசலால் ஏறி
மான்கள் படுத்திருக்கும் ஆலடி கடந்து
கோணேசர் மணி கேட்கும் திருப்பம் வரை.
செருப்பைக் கழற்ற வேண்டிய இடத்துக்கு முன்னால்
திரும்பிவிடுவேன்.
சாமியோடு கோபமில்லை. நேரக் கணக்கு.

ஜெஸீமா ரீச்சர் கையை வீசி நடப்பவர்.
கணக்குப் படிப்பித்த பழக்கம்,
காலடிகளை ஆயிரம் ஆயிரமாய்
விரலில் மடிப்பார்.
மரியநாயகம் நடப்பது
மீன் சந்தைக்கு மட்டும்.
திரும்பும்போது ஓட்டோ.

பன்னிரண்டு மணித்தியாலம் வெறும் வயிறு.
முதல் நாள் இரவு தவமலர்
கணவாய்க் கறிச் சட்டியை
என் கண்ணில் படாமல் மூடி வைத்தாள்.
மணத்தை மூட வீட்டில் தட்டம் இல்லை.
விடிய, ஊசி.
இரத்தம் இவ்வளவு கறுப்பா என்று
ஒவ்வொரு தடவையும் வியக்கிறேன்.

ஒரு வருடம் கழித்து அதே கதிரை, அதே ஊசி.
மரியநாயகம்: கெட்ட கொழுப்பு தொண்ணூற்றெட்டு.
நான்: நூற்று அறுபத்திரண்டு.
போன வருடம் நூற்று அறுபத்துநாலு.
அவர் சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது.
என் பேர்ஸைத் தவறுதலாய் எடுத்துவிட்டவர்போல்
நின்றார்.
"இது ஈரல் செய்கிற வேலை.
உங்கள் தகப்பனார் கொடுத்த ஈரல்.
குளிசை ஒன்று தரலாம், யோசியுங்கள்"
என்றார் டொக்டர்.
தகப்பனார் கொடுத்தவற்றில்
இதை மட்டும்தான் நான் விற்கவில்லை.

"ஆனால் நல்லது ஏறியிருக்கிறதே.
நாற்பத்தொன்று, இப்போது நாற்பத்தைந்து."

நாலு புள்ளி.
ரீச்சர் மனதுக்குள் வகுத்தது உதட்டில் தெரிந்தது:
"புள்ளி ஒன்றுக்குத் தொண்ணூற்றொரு விடியல்.
மிச்சம் கால் விடியல்."

அவரிடம் நான் சொல்லவில்லை.
முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில்
நீர்மட்டம் பார்த்து எழுதினவன் நான்.
வேறு ஊர்களில் கடல் மாடி உயரம் ஏறுமாம்.
எங்கள் கடல் ஏறுவதும் வற்றுவதும்
ஒரு முழம், மிஞ்சினால் ஒன்றரை.
புது மாலுமிகள் கேட்பார்கள்,
இதற்கொரு ஆளா, இதற்கொரு சம்பளமா.
ஆனாலும் நாலு விரற்கடை பிழைத்த ஒரு நாள்
ஜெட்டியடியில் மா மூட்டைப் பார்ஜின் வயிறு
மண்ணில் உரசிய சத்தம்
இன்னும் என் பல்லுக்குள் இருக்கிறது.
சின்ன எண்களைப் பார்த்து
நான் சிரித்ததில்லை.

அன்று மாலையும் நடந்தேன்.
முடிவுக் கடதாசி சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்தது.
ஆலடியில் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிய,
கொம்பு முளைவிடும் வயதில் ஒரு மான்
அவசரமில்லாமல் அதை உருவியது.
"கெட்டதைத்தான் தின்னுது, விடுங்கோ"
என்றார் மரியநாயகம்.
ஓம், அவரேதான். அன்று வந்திருந்தார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

நல்ல பக்கமும் போனது.
அது மென்று முடியுமட்டும்
மூன்று பேரும் நின்றோம்,
நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்க.